பினாங்குக்குக் கப்பல் தேடி ரங்கூனில் இறங்கியவர்: அடோனிராம் ஜட்சன்

சுங்கை பினாங், ஜெலுத்தோங் வட்டாரத் தமிழர்களுக்குப் பாப்டிஸ்ட் சபை புதிய பெயரல்ல. மற்ற கிறிஸ்துவ சபைகளில் கைக்குழந்தையின் தலையில் நீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுப்பதைப் பார்த்திருப்போம். பாப்டிஸ்ட் சபையில் அந்த வழக்கம் இல்லை. வளர்ந்து, விஷயம் புரிந்து, தன் வாயாலேயே நம்பிக்கையை அறிக்கையிட்டவருக்கு மட்டுமே ஞானஸ்நானம். அதுவும் தெளிப்பு இல்லை; ஆளை முழுவதுமாகத் தண்ணீருக்குள் அமிழ்த்தி எடுப்பார்கள்.

இந்த ஒரு கொள்கைக்காகச் சம்பளத்தையும் நண்பர்களையும் இழந்து நடுத்தெருவில் நின்ற ஓர் அமெரிக்க இளைஞர், 1813ஆம் ஆண்டில் பினாங்குக்குக் குடிவர முடிவு செய்து சென்னையில் கப்பல் தேடினார். கப்பல் கிடைக்கவில்லை. பர்மாவுக்குப் போனார். அங்கே முப்பத்தேழு ஆண்டுகள் உழைத்து, பர்மிய மொழியில் முழு வேதாகமத்தையும் தந்தார். அவர்தான் அடோனிராம் ஜட்சன்.

1788 ஆகஸ்ட் 9ஆம் நாள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மால்டன் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் காங்கிரிகேஷனல் சபையின் போதகர். கண்டிப்பானவர், மகன் பெரிய ஆளாக வரவேண்டும் என்ற ஆசை அவருக்கு உண்டு. மகனும் ஏமாற்றவில்லை. 1807இல் பிரவுன் பல்கலைக்கழகத்தில் வகுப்பில் முதல் மாணவராகப் பட்டம் பெற்றார். ஆனால் கல்லூரியில் கிடைத்த ஒரு நண்பர், கடவுள் உலகத்தைப் படைத்ததோடு சரி, அதன்பின் மனிதர் விவகாரத்தில் தலையிடுவதில்லை என்ற கொள்கைக்காரர். ஜட்சனும் அந்தப் பக்கம் சாய்ந்தார். பெற்றோரின் நம்பிக்கை தனக்கு இல்லை என்று வீட்டில் சொல்லிவிட்டு ஊர் சுற்றக் கிளம்பினார்.

அந்தப் பயணத்தில் ஒரு விடுதியில் இரவு தங்கினார். பக்கத்து அறையில் ஒருவர் சாகக் கிடந்து முனகிய சத்தம் இரவெல்லாம் கேட்டது. காலையில் விசாரித்தால், இறந்துபோனவர் அதே கல்லூரி நண்பர்! ஜட்சனின் வாழ்க்கையை எழுதியவர்கள் யாரும் இந்தச் சம்பவத்தை விடுவதில்லை. கொஞ்சம் கதை போலத் தெரிந்தாலும், அந்தப் பயணத்தோடு அவர் ஊர் திரும்பியதும், 1808இல் ஆண்டோவர் இறையியல் கல்லூரியில் சேர்ந்ததும் உறுதியான செய்தி.

அமெரிக்காவிலிருந்து அதுவரை எந்த அமைப்பும் ஆசியாவுக்கு மிஷனரிகளை அனுப்பியதில்லை. ஜட்சனும் சில மாணவர்களும் வற்புறுத்தியதால் 1810இல் காங்கிரிகேஷனல் சபையினர் ஒரு மிஷன் வாரியத்தை உருவாக்கினார்கள். 1812 பிப்ரவரி 5ஆம் நாள் ஆன் ஹாசல்டைன் என்ற பெண்ணை ஜட்சன் மணந்தார். மறுநாள் குருப்பட்டம். இரண்டு வாரத்தில், 19ஆம் நாள், புதுமணத் தம்பதி 'கேரவன்' என்ற கப்பலில் கல்கத்தாவுக்கு ஏறிவிட்டார்கள். அந்தக் காலத்தில் இப்படிப் போகிறவர்கள் திரும்பி வருவார்கள் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

கப்பலில் வந்த சிக்கல்

நான்கு மாதக் கடல் பயணம். கல்கத்தாவுக்கு அருகே செராம்பூரில் வில்லியம் கேரியும் அவர் தோழர்களும் இருந்தார்கள். நம் தரங்கம்பாடியைப் போலவே செராம்பூரும் டேனிஷ்காரர் உருவாக்கிய குடியேற்றம். ஆங்கிலேயக் கம்பெனி விரட்டிய மிஷனரிகளுக்கு அது அடைக்கலமாக இருந்தது. கேரி ஒரு பாப்டிஸ்ட். அவரைச் சந்தித்தால் ஞானஸ்நானம் பற்றி வாக்குவாதம் வரும். அதற்குப் பதில் தயார் செய்துகொள்ள வேண்டும் என்று ஜட்சன் கப்பலிலேயே புதிய ஏற்பாட்டைக் கிரேக்க மூலத்தில் ஆராயத் தொடங்கினார். இன்னொரு கேள்வியும் அவரை அரித்தது. நாளைக்கு ஒரு குடும்பத் தலைவர் கிறிஸ்துவராக மாறினால், அவர் பிள்ளைகளுக்கும் வேலைக்காரர்களுக்கும் சேர்த்தே ஞானஸ்நானம் கொடுத்துவிடலாமா?

படிக்கப் படிக்க அவர் தேடிய ஆதாரம் கிடைக்கவில்லை. ஞானஸ்நானத்துக்கான கிரேக்கச் சொல்லுக்கு அமிழ்த்துவது, முக்குவது என்றே பொருள் என்ற முடிவுக்கு வந்தார். நம்பாத குழந்தைக்குக் கொடுத்ததற்கும் சான்று காணவில்லை. அப்படியானால் தானே இன்னும் ஞானஸ்நானம் பெறாதவர்!

மனைவிக்கு இது பிடிக்கவில்லை. கணவர் பாப்டிஸ்ட் ஆனாலும் தான் ஆகப்போவதில்லை என்று ஆன் முதலில் உறுதியாக நின்றார். காரணம் எளிது. அவர்களுக்குப் பணம் அனுப்புவது காங்கிரிகேஷனல் வாரியம். கொள்கை மாறினால் அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு வழி கிடையாது. ஆனாலும் ஆன் தானே உட்கார்ந்து வேதத்தை ஆராய்ந்து, கடைசியில் அதே முடிவுக்கு வந்தார். கணவர் சொன்னதற்காக அவர் மாறவில்லை என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். 1812 செப்டம்பர் 6ஆம் நாள் கல்கத்தா லால் பஜார் ஆலயத்தில் செராம்பூர் மிஷனரி வில்லியம் வார்ட் இருவருக்கும் முழுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். வேறு கப்பலில் வந்த நண்பர் லூதர் ரைஸும் இரண்டு மாதத்தில் அதே வழியில் வந்தார். ஜட்சன் தாய்ச் சபைக்கு விலகல் கடிதம் எழுதினார்.

பாப்டிஸ்டுகளின் மற்ற நம்பிக்கைகளும் இதே வேரிலிருந்து கிளைத்தவைதான். நம்பிக்கை ஒவ்வொருவரின் சொந்த முடிவு என்றால், பிறப்பால் யாரும் சபை உறுப்பினர் ஆக முடியாது. அரசாங்கம் யார் மீதும் மதத்தைத் திணிக்கவும் கூடாது. நம்பியவர்கள் கூடியதே சபை. அந்தந்தச் சபை தன் காரியத்தைத் தானே தீர்மானிக்கும், மேலே பிஷப் கிடையாது. திருவிருந்து, கிறிஸ்துவின் மரணத்தை நினைவுகூரும் ஆசரிப்பு. தமிழில் ஞானஸ்நானம் என்ற பழைய சொல்லிலேயே ஸ்நானம், அதாவது குளியல், இருக்கிறது. இன்று கத்தோலிக்கர் சொல்லும் திருமுழுக்கு என்ற சொல்லோ, பாப்டிஸ்டுகள் வாதாடுவதையே பெயரில் வைத்திருக்கிறது.

சென்னையில் பினாங்குக் கப்பல்

இதற்கிடையில் கம்பெனி அரசு வேறு விரட்டியது. மிஷனரிகள் வந்தால் உள்ளூர் மக்கள் கொதித்தெழுவார்கள், வியாபாரம் கெடும் என்பது கம்பெனியின் பயம். போதாக்குறைக்கு 1812இல் அமெரிக்காவும் பிரிட்டனும் போரில் இறங்கிவிட்டன. ஜட்சன் தம்பதியை இங்கிலாந்துக்கு ஏற்றி அனுப்ப உத்தரவு வந்தது. அவர்கள் அனுமதிச் சீட்டு இல்லாமலே மொரீஷியஸ் போகும் கப்பலில் ஏறினார்கள். ஆற்றிலேயே பிடித்து இறக்கிவிட்டார்கள். சில நாள் கழித்து எப்படியோ அனுமதி கிடைக்க, படகில் விரைந்து, கழிமுகத்தில் நங்கூரமிட்டிருந்த அதே கப்பலைப் பிடித்தார்கள்.

மொரீஷியஸ் போய்ச் சேர்ந்தபோது காத்திருந்தது துக்கச் செய்தி. அமெரிக்காவிலிருந்து ஒரே கப்பலில் வந்த தோழி ஹாரியட் நியூவெல் அங்கே இறந்திருந்தார். வயது பத்தொன்பது. லூதர் ரைஸ், பாப்டிஸ்டுகளிடம் ஆதரவு திரட்டுவதற்காக அமெரிக்கா திரும்பினார். ஜட்சன் தம்பதி தனித்து நின்றார்கள். எங்கே போவது?

அப்போதுதான் பினாங்கு அவர்கள் திட்டத்தில் வந்தது. பிரான்சிஸ் லைட் 1786இல் கம்பெனிக்காகக் கைப்பற்றிய தீவு இது. 1805இல் கல்கத்தா, சென்னை, பம்பாய் வரிசையில் நான்காவது மாகாணமாக உயர்த்தப்பட்டிருந்தது. சூலியா வியாபாரிகள், இந்தியாவிலிருந்து தண்டனைக் கைதிகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள், சீனர், மலாய்க்காரர் என்று பல இனம் கலந்த துறைமுகம். செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் இன்னும் எழும்பவில்லை. லண்டன் மிஷனும் 1819இல்தான் இங்கே காலூன்றியது. மலாய் மொழி கற்றுக்கொண்டு இங்கேயே வேலையைத் தொடங்கலாம் என்பது ஜட்சனின் எண்ணம்.

1813 ஜூன் 4ஆம் நாள் சென்னையில் இறங்கினார்கள். பினாங்குக்குப் போகும் கப்பல் ஒன்றுகூடத் துறைமுகத்தில் இல்லை. இவர்கள் வந்த செய்தி கல்கத்தாவுக்குப் போய்விட்டது. பதில் உத்தரவு வந்தால் மறுபடியும் இங்கிலாந்துதான். கம்பெனியின் கை எட்டாத இடத்துக்கு உடனே புறப்படத் தயாராக நின்றது 'ஜார்ஜியானா' என்ற பழைய கப்பல் மட்டும். அது ரங்கூன் போகிறது. பர்மா மன்னரின் ஆட்சியைப் பற்றிக் கேள்விப்பட்டதெல்லாம் பயமுறுத்துகிற கதைகள். வேறு வழியில்லாமல் ஜூன் 22ஆம் நாள் ஏறினார்கள்.

ஆன் நிறைமாதக் கர்ப்பிணி. துணைக்கு அமர்த்திய பெண்மணி கப்பல் கிளம்பும் நேரத்திலேயே சுருண்டு விழுந்து இறந்தார். நடுக்கடலில், மருத்துவர் யாரும் இல்லாமல், குழந்தை இறந்தே பிறந்தது. அந்தமான் தீவுகளுக்கிடையே ஒரு குறுகிய நீர்ச்சந்தில் கப்பல் ஒதுங்கி, அலை அடங்கியதால்தான் தாய் பிழைத்தார். ஜூலை 13ஆம் நாள் ரங்கூனில் இறங்கியபோது அவருக்கு நடக்கவும் தெம்பில்லை.

ஜட்சன் பினாங்குக்கு வந்திருந்தால் என்னவாகியிருக்கும்? நம்மவர்கள் இதைப் பெருமையோடு கற்பனை செய்து பார்க்கலாம். ஆனால் பினாங்கும் கம்பெனி மண்தான். இங்கிருந்தும் அவரைக் கப்பலேற்றியிருக்கலாம். பின்னால் இங்கு வந்த லண்டன் மிஷன் போதகர் தாமஸ் பெய்டன், 1844இல் இறக்கும் வரை பள்ளிக்கூடம், அச்சகம் என்று உழைத்தும் மலாய்க்காரர் மத்தியில் சபை வளரவில்லை. கப்பல் கிடைக்காதது நஷ்டம் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது.

சாவடியில் உட்கார்ந்தவர்

ரங்கூனில் முதல் வேலை மொழி. கையில் நல்ல இலக்கணமோ அகராதியோ இல்லை. ஓலைச்சுவடிகள்; அதில் சொல்லுக்குச் சொல் இடைவெளி விடாமல் வட்ட வட்டமான எழுத்து. ஆசிரியருக்கு ஆங்கிலம் தெரியாது. பொருளைச் சுட்டிக்காட்டிப் பெயர் கேட்டு, நாளெல்லாம் உட்கார்ந்து படித்தார்கள். பௌத்த சமயச் சொற்கள் பாலி மொழியிலிருந்து வந்தவை என்பதால் ஜட்சன் பாலியையும் கற்றார். சந்தைக்கும் அண்டை வீட்டுக்கும் போய்வந்த ஆன், பேச்சு மொழியில் கணவரை முந்திவிட்டார். ரங்கூனில் இருந்த சயாமியரிடம் சயாம் மொழியும் கற்று ஒரு வினாவிடை நூலை அதில் பெயர்த்தார். 1819இல் செராம்பூரில் அச்சான அந்த நூலே சயாம் எழுத்தில் அச்சேறிய முதல் நூலாகக் கருதப்படுகிறது.

இதனிடையே அமெரிக்காவில் லூதர் ரைஸ் ஊர் ஊராகக் குதிரையில் அலைந்தார். சிதறிக் கிடந்த பாப்டிஸ்ட் சபைகள் 1814 மே மாதம் பிலடெல்பியாவில் கூடி, தங்கள் முதல் தேசிய அமைப்பை உருவாக்கி ஜட்சனைத் தங்கள் மிஷனரியாக ஏற்றன. கப்பலில் ஒருவருக்கு வந்த சந்தேகம் ஒரு நாட்டின் பாப்டிஸ்டுகளையே ஒன்றுசேர்த்தது என்றால் மிகையில்லை. 1845இல் அடிமை முறை விவகாரத்தில் அந்த அமைப்பு வடக்கு, தெற்கு என்று உடைந்தது. தெற்குப் பிரிவின் மிஷனரிகள்தான் 1950களின் தொடக்கத்தில், சீனாவிலிருந்து வெளியேற நேர்ந்தபின், மலாயாவுக்கு வந்தார்கள். பினாங்கில் 1954இல் பாப்டிஸ்ட் இறையியல் கல்லூரி தொடங்கியதும் அந்த வழியில்தான்.

முதல் ஆறு ஆண்டுகள் ஒருவர்கூட மதம் மாறவில்லை. ரங்கூனில் பிறந்த ஆண் குழந்தை எட்டாவது மாதத்தில் இறந்தது. 1817 இறுதியில் சிட்டகாங் போகக் கிளம்பிய கப்பல் காற்றில் திசை மாறி, ஜட்சனை மசூலிப்பட்டினத்துக் கரையில் விட்டது. நோயோடு தரைவழியாகச் சென்னைக்கு வந்து, கப்பலுக்குக் காத்திருந்து, ஏழெட்டு மாதம் கழித்தே ரங்கூன் திரும்பினார். அதுவரை கணவர் உயிரோடிருக்கிறாரா என்று ஆனுக்குத் தெரியாது.

1819 ஏப்ரலில் ஜட்சன் ஒரு சாவடி கட்டினார். பெரிய பகோடாவுக்குப் போகும் பாதை ஓரம். வழிப்போக்கர் இளைப்பாறவும் பேசவும் பர்மாவில் இப்படிச் சாவடிகள் இருப்பது வழக்கம். ஆங்கிலேய பாணியில் ஆலயம் எழுப்பாமல், ஊர் வழக்கப்படி திறந்த சாவடியில் உட்கார்ந்து போவோர் வருவோரோடு உரையாடினார். இது அவர் செய்த புத்திசாலித்தனமான காரியம். அதே ஆண்டு ஜூன் 27ஆம் நாள் மவுங் நாவ் என்ற ஏழைத் தொழிலாளிக்கு ஒரு குளத்தில் முழுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். குளக்கரையில் பெரியதொரு புத்தர் சிலை இருந்தது. அடுத்த ஆண்டு மன்னரை நேரில் கண்டு மதச் சுதந்திரம் கேட்டார். மன்னர் அவர் கொடுத்த தாளைப் படித்துத் தரையில் நழுவவிட்டார்.

சிறையும் தலையணையும்

1824இல் ஆங்கிலேயருக்கும் பர்மாவுக்கும் போர் மூண்டது. ரங்கூனைப் பிடித்த கம்பெனிப் படையில் சென்னை ராணுவத்துச் சிப்பாய்கள் பெரும் எண்ணிக்கையில் இருந்தார்கள். அப்போது ஜட்சன் தலைநகர் ஆவாவில் இருந்தார். அமெரிக்கப் பணம் அவருக்கு ஆங்கிலேய வியாபாரி ஒருவர் வழியாக வந்ததால், ஆங்கிலேயரிடம் கூலி வாங்கும் உளவாளி என்று சந்தேகம். ஜூன் 8ஆம் நாள் கைது செய்து, மரணச் சிறையில் அடைத்தார்கள்.

காலில் மூன்று ஜோடி விலங்கு. இரவில் கைதிகளின் கால் விலங்குகளுக்கிடையே மூங்கிலைச் செருகி மேலே தூக்குவார்கள். தலையும் தோளும் மட்டும் தரையில் படும். சிறையில் சாப்பாடு கிடையாது. ஆன் தினமும் நடந்து வந்து சோறு கொடுத்தார், அதிகாரிகள் வீடு வீடாகப் போய்க் கெஞ்சினார், கையிலிருந்ததை லஞ்சமாகக் கொடுத்தார். சிறை முற்றத்தில் ஒரு கூண்டில் சிங்கம் ஒன்றைப் பட்டினி போட்டுக் கொன்றிருந்தார்கள். காய்ச்சலில் கிடந்த கணவருக்கு அந்தக் காலிக் கூண்டைக் கேட்டு வாங்கிக் கொடுத்தார் ஆன். அது சிறையைவிட வசதியாக இருந்தது.

பத்து வருட மொழிபெயர்ப்பின் கையெழுத்துப் பிரதியை ஆன் முதலில் தோட்டத்தில் புதைத்து வைத்தார். ஈரம் பட்டுக் கெட்டுவிடும் என்று தோண்டி எடுத்து, யாரும் ஆசைப்படாத கரடுமுரடான தலையணையாகத் தைத்துச் சிறைக்குள் அனுப்பினார். 1825 மே மாதம் கைதிகளை வெறுங்காலோடு கொதிக்கும் மணலில் நடத்தி ஆவுங்பின்லே என்ற ஊருக்குக் கொண்டுபோனார்கள். வழியிலேயே ஒருவர் இறந்தார். காவலர் தலையணையின் உறையை எடுத்துக்கொண்டு உள்ளே இருந்த கட்டை வீசிவிட்டார்கள். மவுங் இங் என்ற பர்மியக் கிறிஸ்துவர், உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமலே, ஐயாவின் நினைவாக அதை எடுத்து வைத்தார்.

ஆன் கைக்குழந்தை மரியாவோடு பின்தொடர்ந்தார். அங்கே அவரும் நோயில் விழ, தாய்ப்பால் வற்றிப்போனது. காவலருக்குக் கையூட்டு கொடுத்துக் கணவரை வெளியே விடச் செய்தார். கால் விலங்கோடு ஜட்சன், எலும்பும் தோலுமான குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிராமத்தில் பால் கொடுக்கும் தாய்மாரிடம் வீடு வீடாகப் போய் நின்றார். அந்தப் பர்மியத் தாய்மார் கொடுத்த பாலில் குழந்தை உயிர் பிழைத்தது.

போர் முடிவில் பேச்சுவார்த்தைக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டதால்தான் ஜட்சன் வெளியே வந்தார். 1826 பிப்ரவரியில் யண்டபோ ஒப்பந்தம். பின்பு கம்பெனித் தூதர் ஜான் கிராஃபர்டுடன் மீண்டும் ஆவாவுக்குப் போனார். கிராஃபர்டு இளம் வயதில் பினாங்கில் மருத்துவராக இருந்து மலாய் கற்றவர், சிங்கப்பூரை நிர்வகித்தவர். ஒப்பந்தத்தில் மதச் சுதந்திரத்துக்கு ஒரு வரி சேர்க்கலாம் என்ற ஆசையில் ஜட்சன் போனார். அந்த வரி கிடைக்கவில்லை. அவர் ஆவாவில் இருந்தபோது, அக்டோபர் 24ஆம் நாள், ஆம்ஹர்ஸ்ட் என்ற கடலோர ஊரில் ஆன் இறந்தார். செய்தி கடிதத்தில்தான் வந்தது. ஆறு மாதத்தில் மரியாவும் போய்விட்டாள்.

அதன்பின் சில ஆண்டுகள் ஜட்சன் பழைய மனிதராக இல்லை. கௌரவ டாக்டர் பட்டத்தைத் துறந்தார், சேமிப்பை மிஷனுக்குக் கொடுத்தார், காட்டில் குடிசை போட்டார், ஒரு குழி தோண்டி அதன் அருகே உட்கார்ந்திருந்தார். அவரை மீட்டது வேலைதான். சென்னைப் பட்டாளங்கள் தங்கியிருந்த மோல்மீனில் குடியேறி, 1834 ஜனவரி 31ஆம் நாள் பர்மிய வேதாகமத்தின் கடைசிப் பக்கத்தை முடித்தார். திருத்த வேலை 1840 வரை இழுத்தது. பர்மிய பாப்டிஸ்டுகள் இன்றும் கையில் வைத்திருப்பது அந்த மொழிபெயர்ப்புதான். பர்மியரைவிட வேகமாக மாறியவர்கள் மலைவாழ் கரேன் மக்கள். கொள்ளையராக இருந்து கடனடிமையாகி, மிஷனரிகளால் மீட்கப்பட்ட கோ தா பியூ என்பவரே அவர்கள் மத்தியில் முதல் போதகர்.

1834இல், இறந்த மிஷனரி ஒருவரின் மனைவி சாராவை ஜட்சன் மணந்தார். 1845இல் நோயுற்ற சாராவை அமெரிக்காவுக்கு அழைத்துப் போகும் வழியில் செயின்ட் ஹெலினா தீவில் அவரையும் அடக்கம் செய்தார். முப்பத்து மூன்று ஆண்டுக்குப் பிறகு தாய்நாடு. தொண்டை கெட்டு, அவர் முணுமுணுத்ததை இன்னொருவர் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு எழுத்தாளர் எமிலி சப்பக்கை மணந்து பர்மா திரும்பினார். 1849இல் ஆங்கில-பர்மிய அகராதி வெளிவந்தது. பர்மிய-ஆங்கில அகராதியை முடிக்க உடம்பு இடம் கொடுக்கவில்லை.

கடல் காற்று பட்டால் தேறலாம் என்று 1850 ஏப்ரலில் ஒரு பிரெஞ்சுக் கப்பலில் ஏற்றினார்கள். 12ஆம் நாள் மாலை அவர் இறந்தார், வயது 61. அன்றிரவே உடலைக் கடலில் இறக்கினார்கள். அந்தமானுக்கு அருகே, முதல் குழந்தை பிறந்து இறந்த அதே கடல். மோல்மீனில் எமிலிக்குப் பத்து நாள் கழித்து ஆண் குழந்தை பிறந்து இறந்தது. கணவர் இறந்த செய்தி அவருக்கு எட்டியது ஆகஸ்ட் கடைசியில்.